சார்ட்டைக் கடைசி வாரம் மாட்டு

பிரியமான ஞானமுத்துவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம்.

சனிக்கிழமை வேதபாட வகுப்புக்கு "தேவன் மனிதனோடு இடைப்படும் விதம்" என்ற தலைப்பை எடுத்திருக்கிறாய். ஏழு காலங்களின் சார்ட்டை முதல் வாரமே சுவரில் மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், கடைசி வாரம் மாட்டு. சார்ட்டைப் பார்த்தவுடன் வாலிபர்கள் அம்புக்குறிகளை எண்ணுவார்களே தவிர வேதத்தைத் திறக்க மாட்டார்கள். காலங்கள் ஏழா, நாலா என்று வாக்குவாதம் கிளம்பிவிடும். விவாதத்தின் மையம் அதுவல்ல.

தேவன் மனிதனை நடத்தும் விதத்தைத் தனித்தனிக் காலங்களாகப் பிரிக்கிறவர்களை டிஸ்பென்சேஷனலிஸ்டுகள் என்கிறோம். எண்ணிக்கையில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஜான் நெல்சன் டார்பி (1800–1882) நோவாவிலிருந்துதான் எண்ணத் தொடங்கினார். 1909இல் ஸ்கோஃபீல்ட் தன் குறிப்புகளோடு வெளியிட்ட வேதாகமம்தான் குற்றமின்மை, மனச்சாட்சி, மனுஷ ஆளுகை, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம் என்ற ஏழை உலகம் முழுக்கப் பரப்பியது. 1990களில் வந்த முற்போக்கு டிஸ்பென்சேஷனலிஸ்டுகளான பிளேசிங்கும் போக்கும் நாலு போதும் என்றார்கள். எதிர்த்தரப்பான உடன்படிக்கை இறையியலும் காலங்களைப் பிரிக்கத்தான் செய்கிறது. 1646ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 7ஆம் அதிகாரத்தைப் பார். கிருபையின் உடன்படிக்கை ஒன்றே, நியாயப்பிரமாணத்தின் காலத்தில் ஒரு விதமாகவும் சுவிசேஷத்தின் காலத்தில் வேறு விதமாகவும் அது நடத்தப்பட்டது என்கிறது. ஆக, கேள்வி இதுதான்: காலம் மாறும்போது தேவனுடைய ஜனமும் மாறுகிறதா? ஆபிரகாமுக்குச் சொன்னது யாருக்குப் போய்ச் சேருகிறது?

ஸ்கோஃபீல்டின் அமைப்பைச் சொல்லிக் கொடுக்கக் கால் மணி நேரம் போதும். ஒவ்வொரு காலத்திலும் ஒரு வெளிப்பாடு, அதற்குக் கீழ்ப்படிகிறானா என்று ஒரு சோதனை, ஒரு தோல்வி, ஒரு நியாயத்தீர்ப்பு. ஏதேனிலிருந்து துரத்தப்படுதல், ஜலப்பிரளயம், பாபேல், எகிப்தின் அடிமைத்தனம் என்று வரிசையாகப் போகும். கடைசிக் காலமான கிறிஸ்துவின் ஆயிரவருஷ அரசாட்சிகூட வெளிப்படுத்தல் 20:7-9இல் கலகத்தோடுதான் முடிகிறது. இதை நேர்மையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

"அவர்கள் இரண்டு இரட்சிப்பின் வழிகளைப் போதிக்கிறார்கள்" என்று யாராவது எழுந்து சொல்வார்கள். இது பழைய குற்றச்சாட்டு, பாதிதான் நியாயமானது. யோவான் 1:17க்கு ஸ்கோஃபீல்ட் எழுதிய குறிப்பு, நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்படிவது முன்பு இரட்சிப்பின் நிபந்தனையாக இருந்தது போல வாசிக்க இடம் கொடுத்தது உண்மை. 1944இல் அமெரிக்கத் தென்மாநில பிரெஸ்பிடேரியன் சபையின் குழு ஒன்று இந்தப் போதனை தங்கள் விசுவாச அறிக்கையோடு ஒத்துப்போகாது என்று முடிவு சொன்னது. ஆனால் 1965இல் டிஸ்பென்சேஷனலிஸ்டான சார்ல்ஸ் ரைரி விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டார். எல்லாக் காலத்திலும் ஆதாரம் கிறிஸ்துவின் மரணம், தேவையானது விசுவாசம், விசுவாசிக்கப்படுகிறவர் தேவன், எதை அறிந்து விசுவாசித்தார்கள் என்பது மட்டுமே மாறியது என்றார். ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் 1967 திருத்தப் பதிப்பில் அந்தக் குறிப்பும் மாற்றப்பட்டது. ரோமர் 4ஐ வாசித்தாலே போதும்: நியாயப்பிரமாணத்துக்கு முன் ஆபிரகாம், அதற்குக் கீழே தாவீது, இருவரும் நீதிமான்களானது ஒரே வழியில். இதற்குமேல் இந்தக் குற்றச்சாட்டை இழுக்காதே. இன்று யாரும் ஆதரிக்காத ஒரு கருத்தை அடித்துக்கொண்டிருப்பதில் என்ன பிரயோஜனம்?

உண்மையான முடிச்சு இஸ்ரவேலும் சபையும். ஏசாயா 32ஐ வாசித்தபோது, இஸ்ரவேலுக்குச் சொன்னது இஸ்ரவேலுக்கே நிறைவேற வேண்டும், சபை பரலோகத்துக்குரிய வேறொரு ஜனம் என்ற முடிவுக்கு டார்பி வந்தார். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான். இதைச் சோதிக்க எபிரெயர் 8ஐ எடு. முதலில் எரேமியா 31:31-34ஐ வாசிக்கச் சொல். புது உடன்படிக்கை யாரோடு? இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும். அப்புறம் எபிரெயர் 8ஐ வாசி. அந்த வசனங்களை முழுவதுமாக எடுத்துக்காட்டிவிட்டு, கிறிஸ்து இப்போதே அதன் மத்தியஸ்தர் என்கிறது. திருவிருந்தில் பாத்திரத்தை எடுக்கும்போது புது உடன்படிக்கை என்றுதானே சொல்கிறோம்? இஸ்ரவேலுக்குச் சொன்னது சபைக்கு வராது என்ற விதியை அப்படியே வைத்தால் இங்கே இடிக்கும். டாலஸ் செமினரியை நிறுவிய சேஃபர் இதிலிருந்து தப்ப, இஸ்ரவேலுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று என இரண்டு புது உடன்படிக்கைகள் என்றார். அந்தத் தரப்பிலேயே பிற்பாடு பெரும்பாலோர் அதைக் கைவிட்டார்கள். சபை அதன் ஆவிக்குரிய ஆசீர்வாதத்தில் பங்குபெறுகிறது, முழு நிறைவேற்றம் இஸ்ரவேலுக்கு இனிமேல்தான் என்பது இப்போதைய பதில். கேட்கத் தகுந்த பதில்தான். ஆனால் ஒன்றில் பங்கு உண்டென்றால் மற்றதில் ஏன் இல்லை என்ற கேள்வி உடனே வரும். முற்போக்குக்காரர்கள் அந்தப் பாதையில்தான் போனார்கள். அப்போஸ்தலர் 2:30-36இன்படி இயேசு இப்போதே தாவீதின் சிங்காசனத்தில் அமர்ந்திருக்கிறார் என்று போக் சொன்னது பழைய அணிக்குப் பெரிய அதிர்ச்சி.

அடுத்தது எசேக்கியேல் 40–48, அவர் தரிசனத்தில் கண்ட ஆலயம். இங்கே இரு தரப்புக்கும் வியர்க்கும். எழுத்தின்படி வாசிக்கிறவர்கள் ஆயிரவருஷத்தில் இந்த ஆலயம் கட்டப்படும் என்கிறார்கள். அளவுகோல் ஆறு முழம், அந்த முழமும் சாதாரணக் கைமுழத்தைவிட நாலு விரற்கடை அதிகம். 42:16-20இல் வெளிச்சுற்று பக்கத்துக்கு ஐந்நூறு கோல். கணக்குப் போட்டால் பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். இன்றைய எருசலேம் ஆலய மேட்டின் நீளமான பக்கம் அரைக் கிலோமீட்டருக்குள்தான். அதனால்தான் சகரியா 14இல் பூமி மாறுவதையும் சேர்த்து வாசிக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. பலிகளை என்ன செய்வது? எபிரெயர் 10:18 இனிப் பாவத்துக்காகப் பலி இல்லை என்கிறது. ஸ்கோஃபீல்ட் அவை நினைவுகூரும் பலிகள் என்றார். எசேக்கியேல் 45:15 அவை பாவநிவிர்த்திக்காக என்கிறது. எழுத்தின்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எழுத்தில் இருப்பதை நினைவுச்சின்னமாக மாற்றினால் எப்படி? ஆலயத்தின் சடங்குத் தீட்டை மட்டும் நீக்கும் பலிகள் அவை என்று சிலர் இப்போது சொல்வது இதைவிடக் கொஞ்சம் நேர்மையான பதில். மறுபக்கம், இதெல்லாம் சபையைப் பற்றிய படம் என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களிடம், வாசல் தூணின் அளவுகூட எழுதப்பட்ட படமா என்று கேள்.

தானியேல் 9இன் எழுபது வாரங்களுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கு. கையில் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளச் சொல். ஸ்காட்லாந்து யார்டில் பெரிய அதிகாரியாக இருந்த சர் ராபர்ட் ஆண்டர்சன் போட்ட கணக்கைத்தான் நம் ஊர்க் கன்வென்ஷன்களிலும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். ஒரு வாரம் ஏழு வருஷம், ஆக 69 வாரம் என்பது 483 வருஷம். வெளிப்படுத்தல் 11இல் 42 மாதம் 1260 நாள் என்று வருவதால் வருஷத்துக்கு 360 நாள் என்று எடுத்தார். 483 × 360 = 1,73,880 நாள். தொடக்கம் எருசலேமைக் கட்ட நெகேமியா 2இல் கிடைத்த அனுமதி, கிமு 445 மார்ச் 14. முடிவு எருசலேமுக்குள் பவனி, கிபி 32 ஏப்ரல் 6. இடையில் 476 வருஷம், அதை 365ஆல் பெருக்கினால் 1,73,740. மீதி 24 நாள். லீப் நாள் 116. கூட்டினால் கச்சிதமாக 1,73,880 வரும். வகுப்பே கைதட்டும்.

கைதட்டி முடித்ததும் லீப் நாளைத் திரும்ப எண்ணச் சொல். அந்தத் தேதிகள் ஜூலியன் காலண்டர் தேதிகள். அதில் நாலு வருஷத்துக்கு ஒன்று தவறாமல் வரும், ஆகவே 119. ஆண்டர்சன் கிரிகோரியன் முறைப்படி மூன்றைக் கழித்துவிட்டார். மூன்று நாள் மிஞ்சுகிறது. நெகேமியா நிசான் மாதம் என்றுதான் சொல்கிறார், முதல் தேதி என்று சொல்லவில்லை. சிலுவை மரணத்தின் வருஷம் 30 அல்லது 33 என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், 32 இல்லை. யூதர்கள் 360 நாள் வருஷத்தை வைத்து இவ்வளவு நீண்ட காலத்தை எண்ணியதும் இல்லை, அவர்கள் காலண்டரில் 19 வருஷத்துக்கு ஏழு அதிக மாதம் வரும். இவற்றில் சிலவற்றைக் கவனித்துத்தான் வேத ஆய்வாளர் ஹேனர் பிற்பாடு கணக்கைக் கிமு 444க்கும் கிபி 33க்கும் நகர்த்தினார். நாள் கணக்குத் தவறினால் தீர்க்கதரிசனம் தவறிவிட்டது என்று ஆகாது. ஆனால் நாள் கணக்கை விசுவாசத்துக்கு அத்தாட்சியாக விற்காதே.

இந்தக் கணக்கில் 69ஆம் வாரத்துக்கும் 70ஆம் வாரத்துக்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி விடுகிறார்கள். இடைவெளியே வேண்டாம் என்கிறவர்களின் கணக்கையும் அதே கையோடு சோதி. எஸ்றா 7இன் கட்டளை, கிமு 457. சாதாரண வருஷம் 483 கூட்டினால் கிபி 27, இயேசுவின் ஞானஸ்நானத்தை ஒட்டி வரும். வாரத்தின் பாதியில் சிலுவை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எஸ்றா 7 ஆலய ஆராதனையைப் பற்றிப் பேசுகிறது, நகரத்தைக் கட்டுவதைப் பற்றி அல்ல. கடைசி வாரம் முடியும் 34இல் என்ன நடந்தது என்று கேட்டால் ஸ்தேவானின் மரணத்தைக் காட்டுவார்கள், அதற்கு வேதத்தில் வருஷம் கிடையாது. 9:26 சொல்லும் நகரத்தின் அழிவோ 70இல். அது அவர்களுடைய 490 வருஷத்துக்கும் வெளியேதான் விழுகிறது. ஆக இடைவெளி வைக்காதவர்களும் எங்கோ கொஞ்சம் இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உடன்படிக்கைத் தரப்பின் மற்ற பலவீனங்களையும் மறைக்காதே. ஆதாமோடு "கிரியைகளின் உடன்படிக்கை" என்கிறார்கள், ஆதியாகமம் 2இல் உடன்படிக்கை என்ற பேச்சே இல்லை. அந்தத் தரப்பின் ஜான் மரேக்கே அந்தப் பெயர் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே உடன்படிக்கை என்று தட்டையாக்கினால், எரேமியா 31:32 புதியது பழையதைப்போல இராது என்று சொல்வதன் கூர்மை போய்விடும். சாபங்களை எழுத்தின்படி யூதருக்கும், ஆசீர்வாதங்களை ஆவிக்குரிய விதத்தில் சபைக்கும் பங்கு போடுவது பெரிய அநியாயம். அதைச் சுட்டிக்காட்டியதில் டார்பியின் ஆட்கள் சொன்னது சரி. ரோமர் 11:26இன் "இஸ்ரவேலரெல்லாரும்" என்பதைக் கால்வின் யூதரும் புறஜாதியாரும் சேர்ந்த முழு ஜனம் என்று எடுத்தார். ஆனால் மரே யூதர்கள் திரளாய்த் திரும்பும் ஒரு எதிர்காலத்தை அதில் பார்த்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையின் 191ஆம் கேள்வி யூதர் அழைக்கப்படும்படி ஜெபிக்கச் சொல்கிறது. சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது என்பதுதான் அவர்கள் போதனை என்று உன் வகுப்பில் யாரும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்.

என் முடிவு உனக்குத் தெரியும். ரோமர் 11இன் ஒலிவமரம் ஒன்றுதான். முறித்துப் போடப்பட்ட சுபாவக் கிளைகள் அதே மரத்தில் திரும்ப ஒட்டப்படும் என்று பவுல் சொல்கிறார், வேறு மரம் நடப்படும் என்று சொல்லவில்லை. ஆனாலும் திரும்ப ஒட்டப்படுவதை நிஜமாகவே எதிர்பார்க்கிறேன்.

வேதத்தைக் காலங்களாக வெட்ட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்பதையும் காட்டு. ஸ்கோஃபீல்ட் மலைப்பிரசங்கத்தை முதன்மையாக ராஜ்யத்துக்கு ஒதுக்கி, பரமண்டல ஜெபத்தின் மன்னிப்பு வேண்டுதல் நியாயப்பிரமாணத்தின் தளத்தில் நிற்கிறது என்று குறித்தார். ஆங்கிலேய வேத ஆசிரியர் புல்லிங்கர் இன்னும் ஒரு படி மேலே போய், சபை அப்போஸ்தலர் 28க்குப் பிறகுதான் தொடங்கியது என்றார். முடிவில் ஞானஸ்நானமும் போச்சு, திருவிருந்தும் போச்சு. நம் ஊரில் கதை வேறு. குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையிலேயே அடுத்த ஞாயிறு இரகசிய வருகையைப் பற்றி, அதாவது சபை திடீரென எடுத்துக்கொள்ளப்படுவதைப் பற்றி, பிரசங்கம் நடக்கும். முதலாவதை ஆதரிப்பது உடன்படிக்கை இறையியல், இரண்டாவது டார்பியிடமிருந்து வந்தது. இரண்டும் எங்கே மோதுகின்றன என்று ஒருவரும் கேட்பதில்லை.

1948இல் இஸ்ரவேல் தேசம் உருவானதைப் பற்றி எப்படியும் கேட்பார்கள். பழைய டிஸ்பென்சேஷனல் போதனையின்படி சபை எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன் எந்த அடையாளமும் நிறைவேற வேண்டியதில்லை, அது எந்த நிமிஷமும் நடக்கலாம். அப்படியிருக்கச் செய்தித்தாளை வைத்து "இதோ நிறைவேறிவிட்டது" என்று சொல்வது அவர்கள் போதனைக்கே முரண். இதை அவர்களிலேயே கவனமுள்ளவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வரிசை இப்படி வைத்துக்கொள்: முதல் வாரம் ஆதியாகமம் 15, ரோமர் 4, கலாத்தியர் 3. இரண்டாவது எரேமியா 31, எபிரெயர் 8. மூன்றாவது ரோமர் 9–11 முழுவதும், நடுவில் நிறுத்தாமல். நாலாவது தானியேல் 9. ஐந்தாவது எசேக்கியேல், அப்போஸ்தலர் 15. அப்புறம் சார்ட்டை மாட்டி, எந்த அம்புக்குறிக்கு எந்த வசனம் ஆதாரம் என்று அவர்களையே எழுதச் சொல்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். எசேக்கியேல் 47:22-23இல் அந்நியரும் கோத்திரங்களின் நடுவே தேசத்தில் சுதந்தரம் பெற வேண்டும் என்று வருகிறதே, அதை ரைரியின் வழியில் வாசிக்கிறவர்கள் எங்கே வைப்பார்கள்? உன் அண்ணன் அந்தச் சபையில்தானே இருக்கிறார், கேட்டு எழுது.

அன்புடன்,
ஜெபராஜ்