உஷாராக இருக்கச் சொன்னதும் நீங்கள், கணக்கை முடக்கியதும் நீங்கள்

அனுப்புநர்:
பாய்க் கடைக்காரர்,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.
(பெயரும் கணக்கு எண்ணும் உங்களுக்கு அனுப்பிய பிரதியில் இருக்கின்றன. உங்கள் வங்கியின் பெயரையும் நான் இங்கே போடவில்லை, மரியாதைக்காக.)

பெறுநர்:
முதன்மை நோடல் அதிகாரி, தலைமை அலுவலகம்.
நகல்: கிளை மேலாளர், பாளையங்கோட்டை கிளை.

பொருள்: கணக்கை முடக்கியது, சேவைப் பிரிவு ஊழியர் பேசிய விதம், நிஜ அழைப்புக்கும் மோசடி அழைப்புக்கும் வித்தியாசம் தெரியாதபடி வங்கி நடந்துகொள்வது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். முதலில் பணிவாகவே கேட்கிறேன். என் கணக்கில் போட்டிருக்கும் தடையை உடனே எடுத்துவிடுங்கள். கே.ஒய்.சி., அதாவது வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரம், புதுப்பிக்கவில்லை என்று காரணம் சொல்கிறீர்கள். பணம் உள்ளே வருகிறது, வந்ததற்குக் குறுஞ்செய்தியும் வருகிறது, எடுக்கப் போனால் மட்டும் முடியாது என்கிறது. கோயில் உண்டியலில் போட்ட காசு மாதிரி ஆகிவிட்டது என் பணம். கோரிக்கை எண் உங்கள் கணினியிலேயே இருக்கும், திறந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நான் ஏன் புதுப்பிக்கவில்லை என்று உங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். நீங்கள் சொன்னபடி நடந்துகொண்டதால்தான்.

ஒரு மத்தியானம் கடையில் இருக்கும்போது பத்து இலக்கச் சாதாரணச் செல்பேசி எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினார். “சார், பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க கே.ஒய்.சி. முடிஞ்சிருச்சு. இன்னைக்குள்ள பண்ணலைன்னா அக்கவுண்ட் பிளாக் ஆயிரும். பிறந்த தேதி சொல்லுங்க, ஒரு லிங்க் அனுப்புறேன், கிளிக் பண்ணிருங்க.” உங்கள் பாளையங்கோட்டை கிளையில் பணம் எண்ணும் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு விழிப்புணர்வு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்களே, அதில் மோசடிக்காரன் எப்படிப் பேசுவான் என்று இதே வசனத்தைத்தான் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ‘இணைப்பை உடனே துண்டியுங்கள்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. சரி, துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடியும் துண்டித்தேன். கூப்பிட்டது நிஜமாகவே உங்கள் வங்கிதான் என்று கணக்கு முடங்கிய பிறகுதான் தெரிகிறது!

வங்கிகள் தங்கள் வாடிக்கையாளரை 1600 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. விளம்பர அழைப்புக்கு 140. இது பத்தமடையில் பாய் விற்கிற எனக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பாய் விற்கிறவன் என்று நானாக எழுதவில்லை. உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் சொன்னதைத்தான் திருப்பி எழுதுகிறேன். கணக்கு முடங்கியதும் நான் இணையத்தில் எண் தேடவில்லை. அப்படித் தேடினால் போலி எண்தான் முதலில் வந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஏ.டி.எம். அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். பாட்டெல்லாம் போட்டு முடித்து ஒருவர் வந்தார். ‘எனக்கு வந்த அழைப்பு உங்களுடையதுதானா என்று மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்’ என்றேன். “அதெல்லாம் எங்க சிஸ்டம்ல தெரியாது சார். வந்த லிங்க்ல பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும். பாய் விக்கிறவங்களுக்கு இதெல்லாம் சொன்னா புரியாது” என்றார். நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது மட்டும் அவர் சிஸ்டத்தில் தெரிகிறது. வங்கி கூப்பிட்டதா, களவாணி கூப்பிட்டானா என்பது தெரியவில்லை. அழைப்பு பதிவு செய்யப்படும் என்று நீங்கள்தானே ஆரம்பத்தில் சொல்கிறீர்கள்? அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

அந்த அம்பிக்கு எது புரியவில்லை என்பதை நான் சொல்கிறேன். அதே வாரத்தில் களவாணியும் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். உங்கள் முத்திரை, உங்கள் நிறம், அனுப்பியவர் இடத்தில் உங்கள் வங்கியின் பெயர், எல்லாம் கச்சிதம். பெயரை விரலால் தொட்டுப் பார்த்தால்தான் உள்ளே இருக்கும் முகவரி தெரிகிறது. உங்கள் பெயரில் ஆங்கில ‘எல்’ எழுத்து வர வேண்டிய இடத்தில் ‘1’ என்ற எண்ணைப் போட்டிருக்கிறான். கண்ணாடி போடாமல் பார்த்தால் தெரியாது. முகவரி முடிகிற இடத்தில் ‘பேங்க் டாட் இன்’ (.bank.in) இல்லை. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் அந்த முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது. அப்புறம் லிங்க். மேலே தெரிவது உங்கள் இணையதளம், அழுத்திப் பிடித்தால் உள்ளே வேறு ஊர். ‘கே.ஒய்.சி. படிவம்’ என்று ஒரு கோப்பும் இணைத்திருந்தான். பெயர் ஏ.பி.கே. என்று முடிகிறது. அது படிவமே இல்லை, செயலி. நிறுவினால் முதலில் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டால் நமக்கு வருகிற ஓ.டி.பி. எல்லாம் அவன் கைக்குப் போய்விடும். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது, விவசாயிகளுக்கான உதவித்தொகை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இதே சரக்குதான். எங்கள் தெருவில் யாருக்கு இப்படி ஒன்று வந்தாலும், “அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று செல்லை என்னிடம்தான் நீட்டுவார்கள்.

இப்போது உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறேன். ‘பேங்க் டாட் இன்’ முகவரியிலிருந்து வரவில்லை, ஏதோ விளம்பர நிறுவனத்தின் முகவரி. சுருக்கிய லிங்க், எங்கே போகும் என்றே தெரியாது. கடவுச்சொல் போட்ட ஒரு கோப்பு, அதைத் திறக்கப் பிறந்த தேதி போட வேண்டுமாம். ‘இன்று இரவுக்குள்’ என்று மிரட்டல் வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். களவாணி அனுப்பியதில் என் முழுப்பெயர் தப்பில்லாமல் இருந்தது. நீங்கள் ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று எழுதியிருந்தீர்கள்! இரண்டில் ஒன்றை அழிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் உங்களுடையதைத்தான் அழிப்பார்கள். நான் இரண்டையும் அழித்தேன்.

கிளைக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போனேன். என் மகன் பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் தொடங்கிய கணக்கு என்பதால் அங்கேதான் போக வேண்டுமாம். கடையை அடைத்துவிட்டு ஜங்ஷன் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அன்றைக்குப் பார்த்து வெயில் மண்டையைப் பிளந்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது கே.ஒய்.சி. பார்க்கிற அம்மா விடுமுறை என்றார்கள். ஆதார், பான் அட்டை, எல்லாவற்றுக்கும் நகல் என்று பையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாங்கி வைக்க ஆளில்லை. அப்புறம் ஓர் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். தன் சொந்தச் செல்லை எடுத்து, “ஆதார் போட்டோவை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். அவருக்குத் தலைக்கு மேலேயும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, ‘ஆதார், பான் விவரங்களை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்’ என்று. நான் நோட்டீசைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப நாளைக்கு வாங்க” என்றார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டது வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணாச்சி மட்டும்தான். அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள்.

விவரத்தில் மாற்றம் எதுவும் இல்லாவிட்டால், பதிவு செய்த மின்னஞ்சல் அல்லது செல்பேசி மூலமோ கடிதம் மூலமோ ஓர் உறுதிமொழி கொடுத்தாலே போதும், கிளைக்கு வர வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுத்திருக்கிறது. என் வீடும் மாறவில்லை, கடையும் மாறவில்லை. இதை ஏன் ஒருவர்கூடச் சொல்லவில்லை? இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஜூனில் வந்த திருத்தத்தின்படி, கெடுத் தேதிக்கு முன் குறைந்தது மூன்று முறை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. எங்கள் ஊர்த் தபால்காரருக்கு என் கடை தெரியாமல் இல்லை, கூரியர்காரருக்கும் தெரியும். அனுப்பியதாக நீங்கள் சொன்னால் அத்தாட்சியைக் காட்டுங்கள்.

ஒரு கடிதம்! பாயைச் சுருட்டிக் கட்டுகிற சணலுக்கு ஆகிற செலவுகூட அதற்கு ஆகாது. அதைப் போட்டிருந்தால் இத்தனை கூத்தும் இல்லை.

இப்போது நஷ்டம். ஆவணி முகூர்த்தத்துக்குச் சென்னையிலிருந்து கல்யாணப் பாய் ஆர்டர். பத்தமடைப் பட்டுப்பாயில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் வைத்து நெய்து கொடுப்போம். கோரையை ஊறவைத்து, நூல் மாதிரி மெல்லிசாகக் கிழித்து, சாயம் ஏற்றி, ஒவ்வொரு இழையாகக் கோக்கிற வேலை. அவசரப்படுத்தினால் ஆகாது. முன்பணம் உங்கள் கணக்கில்தான் விழுந்தது, விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. கோரைக்காரருக்குக் கொடுக்க முடியவில்லை, நெய்கிற பெண்களுக்குக் கூலி கொடுக்க முடியவில்லை. ஒரு முனையில் மாப்பிள்ளை பெயர் முடிந்துவிட்டது, மறுமுனையில் வர வேண்டிய பெண் பெயருக்குச் சாயக் கோரை இல்லாமல் தறி நிற்கிறது. பெண் வீட்டார் தொலைபேசியில் பேசியதை இங்கே எழுத முடியாது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து சேர்த்த பேர் போய்விட்டது. சென்னை, கோயம்புத்தூர் வியாபாரம் மொத்தமும் போன மாதிரிதான். ஆகவே நஷ்டஈடு 10 லட்சம் ரூபாய் கேட்கிறேன். அந்தப் பாயின் விலை எவ்வளவு என்று கேட்காதீர்கள், விலை அல்ல விஷயம். மன உளைச்சலுக்குத் தனியாகக் கேட்பேன்.

நெய்கிற அக்காமார்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். செல்லில் பணம் வாங்குவதற்கு ‘பின்’ என்கிற ரகசிய எண்ணைப் போடவே வேண்டாம், யாராவது அதைப் போடச் சொன்னால் காசு போகப்போகிறது என்று அர்த்தம் என்று. இப்போது அவர்கள் கூலி கேட்டு வரும்போது, ‘பேங்க்ல பணம் இருக்கு, எடுக்க முடியலை’ என்கிறேன். அவர்களுக்கு நானே மோசடிக்காரன் மாதிரித்தான் தெரிவேன்.

உங்களால் உண்மையிலேயே ஏமாந்தவரும் இருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர், அவரும் உங்கள் வாடிக்கையாளர்தான். உங்கள் சேவை எண்ணில் பாட்டுக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போய், இணையத்தில் எண் தேடிக் கூப்பிட்டார். அங்கே எடுத்தவன் ‘சொல்லுங்க ஐயா’ என்று அவ்வளவு பணிவாகப் பேசியிருக்கிறான். திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொன்னான், இவரும் இறக்கினார், அதோடு முடிந்தது கதை. நான்தான் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்கச் சொன்னேன். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தப் பார்ப்பார்கள். அங்கே பேசியவர் பரிவர்த்தனை எண், நேரம் எல்லாம் நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார், ‘இதெல்லாம் உங்களுக்குப் புரியாது’ என்று சொல்லவில்லை. களவாணிக்கு இருக்கிற பணிவு உங்கள் ஊழியருக்கு இல்லாவிட்டால் ஜனங்கள் அவனிடம்தான் போவார்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் உங்களிடம்தான் கணக்கு வைத்திருக்கிறேன், என் மகனுக்குக் கல்விக் கடன் கொடுத்த வங்கி என்ற நன்றி இன்னும் இருக்கிறது. பழைய மேலாளர் ஒருவர் கடைக்கே வந்து பாய் வாங்கிப் போவார். அப்படி இருந்த இடம்.

ஆனால் நான் சும்மா இருக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புகிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் மழுப்பலாக இருந்தாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன். வழி தெரியாதவன் இல்லை, ரிசர்வ் வங்கியின் உதவி எண்ணான 14448-இல் ஏற்கனவே விசாரித்துவிட்டேன். அதற்கு மேல் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அந்தத் தொலைபேசிப் பதிவை அங்கே போட்டுக் கேட்போம், பாய் விக்கிறவங்களுக்குப் புரியுதா இல்லையா என்று.

தடையை எடுங்கள். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவர் மேலாளர் கேட்டாலும் சரி. இனி கே.ஒய்.சி. என்றால் தபாலில் கடிதம் போடுங்கள். உங்கள் செயலியைத் திறந்ததும், இன்ன நேரத்தில் வங்கியிலிருந்து உங்களைக் கூப்பிட்டோம் என்று ஒரு வரி தெரிகிற மாதிரி செய்யுங்கள். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று தினமும் அதில் விளம்பரம் காட்ட முடிகிறதே, இந்த ஒரு வரியா முடியாது?

இந்தப் புகார் பற்றி என்னிடம் பேச வேண்டுமானால் காலை 10 மணிக்கு மேல் 1600 எண்ணிலிருந்து கூப்பிடுங்கள். வேறு எந்த எண்ணிலிருந்து வந்தாலும் எடுக்க மாட்டேன். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்று ஒரு வசதி இருக்கிறது, சந்தேக அழைப்பு என்று நேரே அங்கே போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பத்தமடை பாய்க் கடைக்காரர்.