ரோட்டோரம் ஒலிக்கும் மானாமதுரை கடம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை மதுரையில இருந்து பஸ் ஏறி வைகைக்கரை மானாமதுரைக்கு குடும்பத்தோட போனோம், ரோட்டோரமா பானை, அடுப்பு, சாமி குதிரைன்னு வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க, நடுவுல ஒரு அக்கா, கச்சேரியில வாசிக்கிற மண் கடத்தைத் தட்டிக் காட்டுனாங்க பாருங்க, கணீர்னு வெண்கல மணி மாதிரி! சக்கரத்துல வனைஞ்சதோட வேலை முடியலையாம், ஈரம் காயக் காய உள்ள கல்லைக் கொடுத்து வெளிய பலகையால தட்டிக்கிட்டே இருக்கணும், சூளையில சுட்டு எடுத்த பிறகும் சுருதி சேரலைன்னா அது வெறும் பானைதான். 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச மண்பாண்டம் இது. ஆனா நாங்க பாத்த கடைக்கு தார்ப்பாய்தான் கூரை, மனசே கேக்கல. ஒரு நல்ல ஷெட்டும் பைபாஸ்ல ஒரு பெரிய போர்டும் வச்சுக் கொடுங்க, மதுரைக்கு வர்ற டூரிஸ்ட்டும் இறங்கிப் பாப்பாங்க.

ஒரு வாசகர், செல்லூர், மதுரை