எதிர் புளோக்கிலிருந்து படம் எடுத்த அண்ணனுக்கு

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அம்மா வீட்டு அடுப்படி தீப்பிடித்து எரிந்த அன்று, எதிர் புளோக் தாழ்வாரத்தில் கேமராவோடு நின்ற அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

முதலில் அவசர எண் 995-ஐ அழைத்துவிட்டுத்தான் கேமராவைத் தூக்கினீர்கள் என்று பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டி சொன்னார். குடிமைத் தற்காப்புப் படையினர் தீயை அணைத்த பிறகு, அம்மா நைட்டியோடு, செருப்புகூட இல்லாமல், முகமெல்லாம் கரியாகக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எத்தனை கைபேசிகள்! நீங்கள் மட்டும் கேமராவை இறக்கிவிட்டு, அம்மாவின் முகம் யாருக்கும் தெரியாதபடி முன்னால் வந்து நின்றீர்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்புறம் படங்களை எல்லாம் ஏர்டிராப்பில் அனுப்பினீர்கள். ஒன்றில் அடுப்படி ஜன்னலில் மெல்லிய வெள்ளைப் புகை, அடுத்ததில் கரும்புகை, மணி நிமிடத்தோடு.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தீக் காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், வீட்டின் கட்டமைப்புக்கும் கழகம் பொருத்தித் தந்தவற்றுக்கும் மட்டும்தான். குளிர்பதனப் பெட்டி, அலமாரி, துணிமணிக்கெல்லாம் தனியாகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். நல்லவேளை, அப்பா எடுத்து வைத்திருந்தார். “எதையும் துடைக்காதீங்க, தூக்கிப் போடாதீங்க, முதல்ல படம் எடுங்க” என்று நீங்கள் சொன்னதால்தான் கருகிய ஒவ்வொரு பொருளையும் காப்புறுதி நிறுவனத்திடம் காட்ட முடிந்தது.

அம்மா உங்களைப் பார்க்கணும் என்கிறார். நீங்களோ உங்களைத் தெரிந்தவர்களோ இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள் அண்ணே.