பருவ இறுதிக் கடிதம்: ஒரு படம் பற்றியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, கட்டுரைப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். நூலகத்துக்குப் புது அலமாரிகளும் வந்துவிட்டன. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விளையாட்டு விழா அன்று மாலையே, ஓட்டத்தில் ஜெயித்த ஒரு பிள்ளையின் படம் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி பகிரப்பட்டது. பெற்றவர் பெருமையில் போட்டது. குற்றம் சொல்ல முடியாது. பெயரைக்கூட எழுதவில்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் படிக்க முடிகிறது. பெயர், வகுப்பு, வீட்டு முகவரி, அப்பாவின் கைபேசி எண், எல்லாம். பக்கத்தில் நின்ற பிள்ளையின் அட்டையும் அப்படியே. அந்தப் பிள்ளையின் வீட்டில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

அட்டையில் இவ்வளவையும் அச்சடித்தது பள்ளிதானே என்பீர்கள். நியாயமான கேள்வி. அடுத்த ஆண்டு அட்டையில் முகவரி இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கைபேசி கேமராவில் லொகேஷன் வசதி இயங்கினால், படம் எடுத்த இடம் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். தரம் குறையக்கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். வீட்டில் எடுத்த படம் என்றால், போவது உங்கள் வீட்டு விலாசம். கேமரா அமைப்புகளில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.

அடுத்ததைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது. புனைபெயர்க் கணக்கு ஒன்றில் நம் மாணவன் ஒருவனைப் பற்றிப் புகார் எழுதப்பட்டிருந்தது. பெயர் இல்லை. “ஆறாம் வகுப்பு, இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவன், கண்ணாடி போட்டவன்” என்று மட்டும் இருந்தது. அப்படி ஒரு பையன்தான் அந்த வகுப்பில் இருக்கிறான். மறுநாள் காலை வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. எழுதியவர் யார் என்பதும் மறையவில்லை. வகுப்புக் குழுவில் வழக்கமாக வரும் அதே எழுத்துப்பிழைகள், வரிக்கு வரி அதே மூன்று புள்ளிகள்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி, பெயரைச் சொல்லியோ சொல்லாமலோ, பொதுவில் எழுதுவதைப் பள்ளி பொறுத்துக்கொள்ளாது. மறுபடி நடந்தால் சம்பந்தப்பட்டவரை நேரில் அழைத்துப் பேசுவேன். புகார் இருந்தால் என் அறைக்கு வாருங்கள், அன்றன்றே கேட்கிறேன்.

இத்தனையும் எழுதியதால் உங்கள் எல்லோர் மீதும் வருத்தம் என்று எண்ண வேண்டாம். கேட்டுக்கொண்ட அரை மணி நேரத்தில் படத்தை நீக்கிய பெற்றோருக்கும், தாங்களாகவே பழைய படங்களைத் தேடி நீக்கிவிட்ட பலருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த விழாவில் குழுப்படம் எடுக்கும் முன் அட்டைகளைச் சட்டைக்குள் போடச் சொல்வோம். ஆசிரியர்கள் மறந்தால் நீங்கள் ஒரு குரல் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்