வயற்காவலில் வெடியும் தோட்டாவும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024/2025

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வட்டவிதானைமாரே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மட்டக்களப்புப் படுவான்கரையின் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வேளாண்மை செய்யும் எமது விவசாய அமைப்பின் ஆண்டறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். கூட்டத் தீர்மானங்கள் குறிப்பேட்டில் உள்ளன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வாய்க்கால் துப்புரவு, நீர்ப்பங்கீடு, பசளை ஆகியவை பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் விரிவாகப் பேசி முடிந்தவை. ஆகவே நிர்வாக சபையின் விருப்பப்படி இந்த அறிக்கையின் பெரும்பகுதி இரவுக் காவலைப் பற்றியது. யானையும் பன்றியும் வேளாண்மைக்குச் செய்யும் சேதத்தை அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். போன விரல் திரும்பி முளைக்காது.

2024 நவம்பர் கடைசி வாரத்து வெள்ளம் வாடிகளில், அதாவது வயற்காவல் குடிசைகளில், இருந்த யானைவெடிகளையும் (யானையைச் சத்தத்தால் விரட்டும் வெடிகள்) நனைத்தது. "காயவைத்துப் பாவிக்கலாமா?" என்பதே அங்கத்தவர்களிடமிருந்து அடிக்கடி வந்த கேள்வி. பாவிக்கக் கூடாது. நனைந்த வெடி முழுதாகச் செத்துப்போனால் கவலையில்லை, அரைகுறையாக உயிரோடு இருப்பதுதான் ஆபத்து. திரியில் ஓரிடம் ஈரம், ஓரிடம் காய்ந்தது என்றிருந்தால் நெருப்பு ஈரத்தில் அடங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். காய்ந்த இடத்தைத் தொட்டதும் ஒரே பாய்ச்சலாக உள்ளே ஓடிவிடும். அணைந்துவிட்டதென்று குனிந்து ஊதிப் பார்க்கிறவரின் முகத்தில் வெடிப்பது இதனால்தான். வெயிலிலோ அடுப்பங்கரையிலோ காயவைத்தால் இந்தக் குறை தீராது, அடுப்பங்கரை இன்னொரு ஆபத்தையும் சேர்த்துவிடும். நனைந்ததை ஒரு வாளித் தண்ணீரில் முழுதாக அமிழ்த்தி வையுங்கள். ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தபின் வனஜீவராசிகள் அலுவலருக்கு அறிவித்து, தண்ணீரோடேயே ஒப்படையுங்கள். வரம்பில் புதைத்தால் அடுத்த போகம் உழவு இயந்திரத்தில் மாட்டும்.

கையில் பிடித்துக் கொளுத்தி எறிகிற வழக்கத்தை இந்தச் சபை விட்டுவிட வேண்டுமென்று மன்றாடிக் கேட்கிறேன். திரி எவ்வளவு நேரம் எரியுமென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே பெட்டியில் வந்த இரண்டு வெடிகளின் திரிகள்கூட ஒரே வேகத்தில் எரிவதில்லை. பொழுது படுமுன்பே, வாடிக்கும் வைக்கோற் போருக்கும் தள்ளி, ஈரமண்ணில் வெடியை நிமிர்த்தி நடுங்கள். நாலு முழக் கம்பின் நுனியில் தும்புக்கயிற்றைக் கட்டிக் கனலவைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியின் நுனியை மட்டும் தொட்டுவிட்டு விலகுங்கள். இரண்டு வெடிகளை இருபது முப்பது பாகம் இடைவிட்டு நட்டு வைப்பது நல்லது. முதலாவது பற்றாவிட்டால் இரண்டாவதற்குப் போகலாம், பற்றாததைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை வராது. அதன் பக்கம் 30 நிமிடங்களுக்கு எவரும் போகக்கூடாது. பிறகும் தூரத்தில் நின்றே வாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வெடிகளை மூடியுள்ள மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ, தரையிலிருந்து உயர்த்தி, மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தூரத்தில் வையுங்கள். லைற்றரும் வெடியும் ஒரே சட்டைப் பையில் போகக்கூடாது.

அடுத்து, அனுமதிப்பத்திரத்தோடு பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு (துப்பாக்கி) வைத்திருப்போருக்கு. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்ததே. யானை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. தோட்டாவிலுள்ள சன்னம் (சிறு ஈயக் குண்டுகள்) அதை உடனே கொல்லாது, புண்படுத்தும். புண்பட்ட யானை அதே வட்டைக்குக் கோபத்தோடு வரும்.

மூலையில் சாத்திவைத்த துவக்கின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டும். வரம்பில் வழுக்கி விழுந்தால் குழல் வாயில் சேறு அடைக்கும். இரண்டும் குழலைக் கிழிக்கப் போதுமானவை. ஆகவே தோட்டா போடுமுன் துவக்கைத் திறந்து, பின்பக்கமிருந்து ரோச் வெளிச்சத்தில் குழலைப் பாருங்கள். மறுமுனை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

12ஆம் இலக்கக் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், 20ஆம் இலக்கத்தினது 15.6. இந்த வித்தியாசம் சிறிதாகத் தெரிந்தாலும் கேடு பெரிது. இருட்டில் 20ஆம் இலக்கத் தோட்டாவை 12ஆம் இலக்கத் துவக்கில் போட்டால் அது உள்ளே சறுக்கிப்போய்க் குழலில் சிக்கி நிற்கும். குழல் வெறுமையாக இருப்பதாகத் தோன்றும். அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிப்பது இடது கைக்கு நேர் மேலே. நீளத்திலும் இதே கவனம் வேண்டும். மூன்று அங்குலத் தோட்டா இரண்டே முக்கால் அங்குல அறைக்குள் தாராளமாக நுழையும், ஏனெனில் அதன் வாய் மடிந்திருக்கிறது. சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். துவக்கில் பொறித்திருக்கும் எண்ணையும் தோட்டாவின் எண்ணையும் பகல் வெளிச்சத்திலேயே ஒப்பிட்டு, வேறு இலக்கத் தோட்டா எதையும் அந்தப் பைக்குள் போடாதீர்கள்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத திசையிலேயே பிடித்தபடி 30 விநாடிகள் எண்ணுங்கள், பிறகு திறக்கலாம். சத்தம் மந்தமாக 'புஸ்' என்று வந்தால் தோட்டாவுக்குள் மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையிலுள்ள அடைப்பு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். குழலைப் பார்க்காமல் அடுத்த தோட்டா போடாதீர்கள்.

பாவித்த கோதை, அதாவது சுட்டபின் மிஞ்சும் வெற்றுத் தோட்டா உறையை, மறுபடி நிரப்புவது பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். தோட்டா விலையும் தட்டுப்பாடும் ஆளை அந்தப் பக்கம் தள்ளுவது உண்மை. ஆனால் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கும் நாட்டில் வீட்டில் தோட்டா நிரப்புவது குற்றம். சட்டத்தை விட்டாலும் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. 12ஆம் இலக்கத் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 இறாத்தலைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் வரையறை. இன்றைய தோட்டாக்களிலுள்ள புகையற்ற மருந்து, பழைய கறுப்பு வெடிமருந்தான கரிமருந்தின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே தேவைப்படுவது. கரிமருந்து அளந்த அதே மூடியால் இதை அளந்தால் அந்த வரையறை எங்கோ போய்விடும். யானைவெடியை உடைத்த மருந்தும் நெருப்புக்குச்சி மருந்தும் இன்னும் மோசம். அவை குழலில் படிப்படியாக எரிந்து சன்னத்தைத் தள்ளுவதில்லை, நின்ற இடத்திலேயே வெடிக்கின்றன.

இந்த வேலை சட்டப்படி நடக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில் கைதேர்ந்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துதான் இருக்கும், அதுவும் பெயர் ஒட்டிய அதன் சொந்தப் போத்தலில். தொலைபேசியும் பேச்சும் கிடையாது. மருந்தைத் தராசில் நிறுப்பார்கள். கோதுகளை வரிசையாக நிறுத்தி, விளக்கைச் சாய்த்து, மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றா என்று பார்ப்பார்கள், இரண்டு தரம் ஊற்றிய கோது அங்கேதான் பிடிபடும். இடையில் யாராவது கூப்பிட்டால் கையிலிருந்த கோதைக் கொட்டிவிட்டு அதை முதலிலிருந்து தொடங்குவார்கள். அவ்வளவு ஏற்பாட்டோடும் அவர்கள் பயப்படுகிற வேலையை அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் வாடிக்குள் செய்ய எமக்கு நியாயமில்லை. அவர்களிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது அந்தக் கவனத்தை மட்டும்.

ஆகவே நிர்வாக சபை முன்மொழிவது இது. காவலுக்குக் கொண்டுபோன தோட்டாக்களும் விடிந்தபின் மீந்த தோட்டாக்களும் வெற்றுக் கோதுகளும் அந்தந்த வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையின் கொப்பியில் ஒத்துப்போக வேண்டும். கோதுகளின் வாயை வெட்டி ஒப்படைக்க வேண்டும். காவலுக்கு இருவராகவே போக வேண்டும், ஒருவர் வெடியையோ துவக்கையோ தொட்டால் மற்றவர் ரோச் மட்டும் பிடிக்க வேண்டும். குடித்தவர் இரண்டையும் தொடக்கூடாது. சாமம் கடந்து தூக்கம் கண்ணை இழுக்கும் நேரத்தில் காவல் மாற வேண்டும். கட்டுத்துவக்கும் (விலங்கு தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டிவைக்கும் துவக்கு) பழத்துக்குள் வைக்கும் வெடியும் எந்த அங்கத்தவரின் வயலிலும் இருக்கக்கூடாது. அவற்றில் மாட்டுவது மாடும் பிள்ளையும்தான்.

காயம் பட்டால் 1990 அம்புலன்சை அழையுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள், விரலில் ஐஸ் நேரே படக்கூடாது. தீக்காயத்தை 20 நிமிடங்கள் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசையோ மஞ்சளோ பூச வேண்டாம்.

வரும் பெரும்போக விதைப்புக்கு முன் ஒவ்வொரு வட்டையிலும் பகலில் ஒரு செய்முறை விளக்கம் நடத்தவும், நீண்ட கம்பும் தும்புக்கயிறும் வாளியும் வாடிக்கொன்று அமைப்புச் செலவில் வைக்கவும் சபையின் அங்கீகாரத்தைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்