வன்னிக் கமக்காரரின் நினைவுகளையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

முதியவர்களின் வாழ்க்கை நினைவுகளுக்கு உங்கள் பத்திரிகை இடம் கொடுப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வடக்கில் வயல் செய்யும் வன்னிக் கமக்காரரிடமும் கேட்டு எழுதுங்கள்.

நான் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவன். ஐயா மாரிமழையோடு செய்யும் காலபோகத்துக்கு மொட்டைக்கறுப்பன் நெல் விதைப்பார். வெட்டிய கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கச் சூடு மிதிக்கிற இரவுகளில் சகோதரங்கள், மச்சான்மார், அயலட்டை எல்லாரும் ஒரே களத்தில் நிற்போம். அப்புறம் சூடு மிதிக்க உழவு இயந்திரம் வந்தது.

எழுபதுகளில் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாயும் வெங்காயமும்தான் எங்களை நிமிர்த்தின. என் படிப்பு, தங்கச்சியின் கல்யாணம் எல்லாம் மிளகாய்க் காசு. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. அந்த அடியைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. அது எனக்குக் கவலை.

பயணம் என்றால் யாழ்தேவி ரயில். வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனதும் அதில்தான், அரிவுவெட்டுக்கு லீவு போட்டு வந்ததும் அதில்தான். 1990இல் யுத்தத்தால் அந்த ஓட்டம் நின்றது. 2013இல்தான் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது. இடையில் எங்களுடைய பயணமெல்லாம் இடப்பெயர்வுதான். உரப்பையில் விதைநெல்லைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நடந்த பாதையை ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்வார்கள்.

அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். வாரத்தில் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். எந்தக் குளம், என்ன விதை, என்ன விலை, எந்தப் பாதை என்று விபரமாகக் கேளுங்கள். கஷ்டப்பட்டார்கள் என்ற ஒரு வரியோடு தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற அரச ஊழியர்,
வட்டக்கச்சி.