புளூடூத் காதொலிக் கருவி: வாங்குமுன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் நவீனக் காதொலிக் கருவிகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கைபேசி அழைப்பும் தொலைக்காட்சி ஒலியும் நேராகக் காதுக்குள் வந்து சேரும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது உண்மைதான். பல ஆண்டுகளாக இரு காதுகளிலும் கருவி அணியும் நானும் அந்த வசதியை அன்றாடம் அனுபவிக்கிறேன். ஆனால் ‘புளூடூத் உள்ள கருவி’ என்று எல்லாவற்றையும் ஒரே வகையாக அவர் சொல்லிச் சென்றுவிட்டார். கடைக்காரர்கள் சொல்வதும் அவ்வளவுதான். உண்மையில், இன்று விற்பனையில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பொருந்தாத பல முறைகளில் கைபேசியோடு இணைகின்றன. எந்த முறை என்று கேட்காமல் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு, ‘உங்கள் போனோடு இது சேராது, போனை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்ற பதிலோடு திரும்பியவர்களில் என் உறவினர் ஒருவரும் உண்டு.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். இயர்போனில் உள்ள வழக்கமான புளூடூத், மின்சாரத்தை வேகமாக உறிஞ்சக்கூடியது. காதுக்குப் பின்னால் உட்காரும் கருவியின் பொத்தான் பேட்டரி அதற்குத் தாக்குப்பிடிக்காது. ஆகவே, தொடக்கத்தில் கழுத்தில் தொங்கவிடும் ஓர் இடைக்கருவி கைபேசியிலிருந்து ஒலியை வாங்கிக் காதுக்கு அனுப்பியது. 2014-ல் ரீசவுண்ட் நிறுவனத்தின் லிங்ஸ் கருவி, ஆப்பிள் வகுத்த முறையில் ஐபோனிலிருந்து நேராகவே ஒலியைப் பெற்றது. ஐபோன் இல்லாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. கூகுள் 2018-ல் அறிவித்த ‘ஆஷா’ என்னும் முறை (நம் ஊர் சுகாதாரப் பணியாளர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஆண்ட்ராய்டு 10-லிருந்து கைபேசிகளுக்கு வந்தது என்றாலும், எல்லாத் தயாரிப்பாளர்களும் அதைத் தங்கள் கைபேசிகளில் சேர்த்துவிடவில்லை. மேலும் அதில் ஒலி ஒருவழியாகவே செல்லும். எதிர்முனையில் பேசுபவரின் குரல் நம் காதில் விழும். நம் பேச்சைக் கைபேசியின் மைக்தான் வாங்க வேண்டும். கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கை வீசி நடந்தபடி பேசலாம் என்று விளம்பரத்தில் பார்த்து வாங்கியவர்கள், அதை வாயருகே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருப்பது இதனால்தான்.

போனாக் நிறுவனம் 2017-ல் வேறு வழியில் போனது. மின்செலவு குறைந்த சிப்பை உருவாக்கி, வழக்கமான புளூடூத்தையே கருவிக்குள் கொண்டுவந்தது. புளூடூத் உள்ள பழைய பட்டன் கைபேசியோடும் அது இணையும். ஸ்மார்ட்போனைத் தொடவே தயங்கும் முதியவர்களுக்கு இன்றும் இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து. விற்பனையாளர்கள் இதை எடுத்துச் சொல்வது குறைவு.

நான்காவது வழி, 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு 2022-ல் முழுமை பெற்ற எல்.ஈ. ஆடியோ என்னும், மின்செலவு குறைந்த புதிய புளூடூத் ஒலிமுறை. எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமாகாத பொதுத் தரம் என்பதே இதன் முதல் சிறப்பு. இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனி ஒலியோட்டம் செல்கிறது, பேச்சு இருவழியிலும் போகிறது, தாமதமும் குறைவு. வழக்கமான புளூடூத்தில் ஒலி 100 மில்லி விநாடிக்கு மேல் பிந்தி வரக்கூடும். காது நன்றாகக் கேட்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. எங்களைப் போல உதட்டசைவையும் சேர்த்துப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர்களுக்கு, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் வாய் ஒன்றும் குரல் ஒன்றுமாகப் போனால் பாதிச் செய்தி கைநழுவிவிடும். காதுக் குழாயை முழுவதும் அடைக்காத கருவியாக இருந்தால் அறையின் ஒலி முன்னும் கருவியின் ஒலி பின்னுமாக வந்து எதிரொலி போலத் தொல்லை தரும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. கைபேசிப் பெட்டியில் ‘புளூடூத் 5.3’ என்று அச்சிட்டிருப்பதைக் கொண்டு எல்.ஈ. ஆடியோ இருப்பதாக முடிவு செய்யக் கூடாது. அந்தத் தரத்தில் அது விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் அம்சமே தவிர, கட்டாயம் இல்லை. கருவியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருப்போம். கைபேசியை அதற்குள் ஒருமுறையாவது மாற்றிவிடுவோம். ஆகவே இன்றைய கைபேசியோடு சேர்கிறதா என்பதோடு, நாளை வேறு கைபேசி வாங்கினாலும் சேருமா என்பதையும் கேட்டே பணம் கொடுக்க வேண்டும்.

கட்டுரையில் இடம்பெறாத முக்கியமான செய்தி, கருவிக்குள் வைக்கப்படும் டெலிகாயில் என்னும் சிறு கம்பிச்சுருள் பற்றியது. கைபேசியும் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. காது கேளாமையின் முழுக் கனமும் தெரிவது திருமண மண்டபத்திலும் சபாக் கச்சேரியிலும் ரயில் நிலையத்திலும்தான். பேசுபவர் விலக விலக அவரிடமிருந்து நேராக வரும் ஒலி தேய்ந்துகொண்டே போகும். தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும். சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியோ குறையாது. எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் அதன் மைக் இரண்டையும் கலந்துதான் பிடிக்கும். இதற்கான தீர்வு வெகுகாலமாகவே இருக்கிறது. கூடத்தைச் சுற்றி ஒரு கம்பியை ஓட்டி, மேடை மைக்கின் ஒலிக்கேற்ப மாறும் மின்னோட்டத்தை அதன் வழியே செலுத்தினால் கூடத்துக்குள் ஏறி இறங்கும் காந்தப்புலம் உண்டாகும். கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் அதை மீண்டும் மின்குறிப்பாக மாற்றிக் காதுக்குத் தரும். இயற்பியல் ஆசிரியராக நான் ஆண்டுதோறும் நடத்திய ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இது. இணைப்பு ஏற்படுத்த வேண்டியதில்லை, தாமதம் இல்லை, எந்த நிறுவனத்தின் கருவி என்ற கேள்வியும் இல்லை. மின்வயரிங் சரியில்லாத கட்டடத்தில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கூடவே கேட்கும் என்பது இதன் குறை. லண்டனின் கறுப்பு டாக்சிகளில்கூட இந்த வசதி இருக்கிறது.

எல்.ஈ. ஆடியோவின் ஒரு பகுதியான ஆராகாஸ்ட், இந்தப் பணியைப் பண்பலை வானொலியைப் போலச் செய்கிறது: ஒரு பரப்பி, அதைக் கேட்க எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இடம். கம்பி ஓட்டத் தரையை உடைக்க வேண்டியதில்லை. ஒரே திரையரங்க வளாகத்தில் அரங்குக்கு ஓர் அலைவரிசையாகப் பல ஒலிகளைப் பரப்பலாம். எதிர்காலம் அதற்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது வந்துவிட்டது என்ற பேச்சை நம்பி, கருவியைச் சிறிதாக்கும் பொருட்டு டெலிகாயிலை இப்போதே எடுத்துவிடுவது எங்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. அரசு இலவசமாகத் தரும் கருவியை அணிபவர்களுக்கு ஆராகாஸ்ட் எட்டுவதற்கு இன்னும் காலம் பிடிக்கும். டெலிகாயில் அவர்களுக்கு இன்றே கிடைக்கக்கூடியது.

எனவே மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, கருவிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியில் டெலிகாயிலைக் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். வாங்கித் தருவதோடு நிற்காமல், செவியியல் வல்லுநர் அதை இயக்கி வைத்து, பயன்படுத்தும் விதத்தையும் காட்ட வேண்டும். பொதுக் கட்டடங்களைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவிட முடியாது என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவும் இட்டது. சாய்தளமும் கைப்பிடியும் பலர் கண்ணில் படுகின்றன. பயணச்சீட்டு முகப்பில் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் பேசுவது கேட்க வேண்டும் என்பதும் அதே அணுகலில் அடங்கியதுதான் என்று சொல்ல ஆள் குறைவு.

தங்கள் கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், பணம் கட்டுமுன் சோதனைக்குத் தரும் நாட்களில் வாசகர்கள் தங்கள் சொந்தக் கைபேசியிலேயே அழைப்பு வரச் செய்து, இரு காதிலும் கேட்கிறதா, தம் குரல் மறுமுனைக்குத் தெளிவாகப் போகிறதா, கைபேசியைப் பையில் வைத்தாலும் போகிறதா என்று பார்த்துவிடுமாறும், டெலிகாயில் உண்டா இல்லையா என்பதை ரசீதில் எழுதி வாங்குமாறும் அதில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.